ஏ.ஜி. ஆபீஸிலிருந்து ஒரு டைரக்டர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நிம்மதியாக இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மூத்தவள் குண்டைத் தூக்கிப் போட்டாள். பி.காம். முடித்ததும் சி.ஏ.வுக்குப் போகப் போவதில்லையாம். டைரக்‌ஷன் படிக்கப் போகிறாளாம்.

"யோசிச்சுத்தான் பேசறியா?" என்றேன்.

"யோசிச்சுட்டேம்பா. நீங்கதான் எப்பப் பாரு பாலசந்தர், பாலசந்தர்னு சொல்வீங்க. அவரு கவர்ன்மென்ட் வேலையைத் தூக்கிப் போட்டுட்டுத்தானே சினிமாவுக்கு வந்தாரு? அவரு செஞ்சா கரெக்ட், நான் செஞ்சா தப்பா?"

வீட்டுக்காரம்மா சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஊட்டி வளர்த்தது நீங்கதானே, பதில் சொல்லுங்க" என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

இருபது வருஷத்துக்கு மேல் பேங்க் உத்தியோகம். ஆடிட்டர் ஒரு கேள்வி கேட்டால் ஆதாரத்தோடு பதில் கொடுத்துத்தான் பழக்கம். சரி, இதற்கும் ஆதாரத்தோடு பதில் தயார் செய்வோம் என்று உட்கார்ந்தேன். அப்படிச் சேர்த்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு. மகளுக்குச் சாதகமாகவும் இருக்கிறது, எனக்குச் சாதகமாகவும் இருக்கிறது. அதுதான் சிக்கல்!

பாலசந்தர் விஷயத்துக்குப் போவதற்கு முன்னால், நாங்கள் இருக்கும் சைனிக்புரி பற்றி நாலு வரி. சிகந்திராபாத் பக்கம், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்காக உருவான காலனி. மாற்றலாகி நாங்கள் இங்கே வந்தது 2014-ல். அந்த வருஷம் டிசம்பர் 23-ஆம் தேதி சென்னையில் பாலசந்தர் காலமானார். செய்தி வந்த கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு அம்மாள் கதவைத் தட்டினார். அதுவரை அவரோடு "பாகுன்னாரா" தவிர வேறு பேசியதில்லை. வாசலில் நின்றபடியே, "மன பாலசந்தர்காரு போயாரண்டி" என்றார். "நம்ம பாலசந்தர் போய்விட்டார்" என்று, தமிழர் வீடு என்பதால் எங்களிடம் துக்கம் விசாரிக்க வந்திருக்கிறார்! என் மனைவி அவரை உட்காரவைத்துக் காபி கொடுத்தாள். ஒரு மணி நேரம் பேசிவிட்டுத்தான் போனார். 'மரோ சரித்ரா' பார்த்துவிட்டுக் கல்லூரியில் ஒரு வாரம் அழுதோம் என்றார்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நாம் நம்முடையவர் என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதரை இன்னொரு ஊரே தன்னுடையவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. அது எப்படி?

சரி, விஷயத்துக்கு வருவோம்.

கைலாசம் பாலசந்தர் பிறந்தது 1930 ஜூலை 9. ஊர் நன்னிலம் பக்கம் நல்லமாங்குடி. அன்றைக்கு அது தஞ்சாவூர் ஜில்லா, இன்றைக்குத் திருவாரூர் மாவட்டம். எனக்கு மாயவரம், ஆகவே கொஞ்சம் ஊர்ப் பாசம் உண்டு. ரயிலில் திருவாரூர் போகும்போதெல்லாம் நன்னிலம் ஸ்டேஷன் வந்தால் அப்பா ஜன்னல் வழியாகக் காட்டி, "பாலசந்தர் ஊருடா" என்பார்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தார். படித்தது விலங்கியல். அப்புறம் முத்துப்பேட்டையில் பள்ளிக்கூட வாத்தியார். 1950-ல் சென்னை ஏ.ஜி. ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். ஏ.ஜி. ஆபீஸ் என்றால் அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீஸ். மாநில அரசின் வரவு செலவு எல்லாம் அங்கேதான் கணக்காகிறது. வவுச்சர், ரிஜிஸ்டர், அப்ஜெக்‌ஷன் என்று போகும் உலகம். என்னைப் போன்ற ஆசாமிகளுக்குப் பழக்கமான உலகம்தான்.

பகலில் கணக்கு, சாயங்காலம் நாடகம். அவருடைய 'மேஜர் சந்திரகாந்த்' முதலில் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நாடகம், பிறகுதான் தமிழுக்கு வந்தது. 'சர்வர் சுந்தரம்', 'நீர்க்குமிழி', 'மெழுகுவர்த்தி', 'நாணல்', 'எதிர்நீச்சல்' என்று வரிசையாக எழுதி மேடையேற்றினார். ராகினி ரிக்ரியேஷன்ஸ் என்று ஒரு குழு. அதில் நடித்தவர்கள் யார் தெரியுமா? நாகேஷ் ரயில்வேயில் வேலை பார்த்தவர். சுந்தர்ராஜன் டெலிபோன்ஸில் இருந்தவர். 'மேஜர்' என்ற பட்டமே அவருக்கு அந்த நாடகத்தால் வந்ததுதான். ஸ்ரீகாந்த் அமெரிக்கத் தூதரக அலுவலகத்தில் வேலை பார்த்தவர். ஆக, முழுக்க முழுக்க மாதச் சம்பளக்காரர்கள். பார்க்க வந்தவர்களும் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்கள். ஆபீஸ் முடிந்து, முகம் கழுவி, சபாவுக்கு வருகிறவர்கள்.

1964-ல் எம்.ஜி.ஆர். நடித்த 'தெய்வத்தாய்' படத்துக்கு வசனம் எழுதும் வாய்ப்பு வந்தது. அப்போதும் அவர் ஏ.ஜி. ஆபீஸில்தான் இருந்தார். அதே வருஷம் 'சர்வர் சுந்தரம்' ஏவி.எம். தயாரிப்பில், கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் படமாக வந்தது. அடுத்த வருஷம், 1965-ல், 'நீர்க்குமிழி'. அவர் இயக்கிய முதல் படம்.

மகளே, இந்த இடத்தைக் கவனி. 1950-ல் சேர்ந்தவர் முதல் படத்துக்கு வசனம் எழுதும்போது 1964. பதினாலு வருஷம்! முதல் படம் இயக்கும்போது அவருக்கு 35 வயது. வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு வாய்ப்புத் தேடி அலைந்தவர் இல்லை அவர். வேலையில் இருந்துகொண்டே தொழில் கற்றுக்கொண்டவர். தயாரிப்பாளர் தேடி வந்தபோது அவர் கையில் ஜனங்கள் ஏற்கெனவே பார்த்துக் கைதட்டிய நாடகங்கள் அரை டஜன் இருந்தன. எங்கள் பாஷையில் சொன்னால், டெபாசிட் போட்டுவிட்டு அப்புறம் கடன் கேட்டவர்.

இதுவரை பாயிண்ட் எனக்கு. :-)

ஆனால் படங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. அவர் ஆபீஸை விட்டாரே தவிர, ஆபீஸ் அவரை விடவில்லை.

'பாமா விஜயம்' (1967) எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்கு ஒரு சினிமா நடிகை குடி வருகிறார். அவரிடம் பெருமை காட்ட வேண்டும் என்று மூன்று மருமகள்களும் தகுதிக்கு மீறிச் செலவு செய்கிறார்கள். வரவுக்கும் செலவுக்கும் உள்ள வித்தியாசத்தையே ஒரு பாட்டாக வைத்துச் சிரிக்க வைத்தார். நான் பர்சனல் லோன் செக்‌ஷனில் இருந்த மூன்று வருஷத்தில் அந்தப் படத்தை எத்தனை தடவை நினைத்திருப்பேன் என்று கணக்கே இல்லை. அறுபதுகளில் சோபாவும் ரேடியோவும், இப்போது செல்போனும் காரும். மற்றபடி கதை அதேதான்.

'எதிர்நீச்சல்' (1968). பல குடித்தனங்கள் இருக்கும் ஒரு வீடு. மாடிப்படிக்குக் கீழே ஒரு அநாதைப் பையன், மாது. வீட்டில் எல்லோருக்கும் எடுபிடி வேலை செய்துகொண்டே படிக்கிறான். அந்த வீட்டில் ஒரு இருமல் தாத்தா உண்டு. இருமல் மட்டும்தான் கேட்கும், கடைசி வரை ஆளைக் காட்டவே மாட்டார். ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தவர்களுக்குத்தான் அது தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவரை முகம் பார்க்காமலே இருமலை வைத்துத் தெரிந்துவைத்திருப்போம்.

'இரு கோடுகள்' (1969) முழுக்க ஆபீஸ் கதை. ஜெமினி கணேசன் கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா. புதிதாக வரும் கலெக்டர், அவர் எப்போதோ பிரிந்த முதல் மனைவி. அந்த வருஷத்தின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. ஒரு கோட்டைத் தொடாமலே சின்னதாக்க வேண்டுமென்றால் பக்கத்தில் பெரிய கோடு போடு என்பதுதான் தலைப்பின் பொருள். மேலதிகாரி அறைக்குள் ஃபைலைத் தூக்கிக்கொண்டு போய் நிற்கும் குமாஸ்தாவின் உடம்பு எப்படி இருக்கும் என்பது அங்கே நின்றவருக்குத்தான் தெரியும். பதினாலு வருஷ சர்வீஸ் வீண் போகவில்லை.

'அவள் ஒரு தொடர்கதை' (1974) கதாநாயகி கவிதா வேலைக்குப் போய் ஒரு குடும்பத்தையே தாங்குகிறவள். கடைசியில் கல்யாணம் நடக்காமல் மறுபடி வேலைக்குக் கிளம்புகிறாள். என் அத்தை ஒருத்தர் அப்படி இருந்தார். அதைப் பற்றி இங்கே எழுதுவதாக இல்லை. ஆனால் அந்தப் படம் டிவியில் வந்தால் எங்கள் வீட்டில் யாரும் பேச மாட்டார்கள், அவ்வளவுதான்.

அவரிடம் குறையே இல்லையா என்றால், உண்டு. கேள்வியைத் தைரியமாகக் கேட்பார், பதில் சொல்லும் இடத்தில் பின்வாங்கிவிடுவார். 'அரங்கேற்றம்' (1973) நாயகிக்குக் கடைசியில் புத்தி பேதலித்துவிடுகிறது. 'அபூர்வ ராகங்கள்' (1975) அவ்வளவு தூரம் போய்விட்டு, கடைசியில் அவரவர் இடத்துக்குத் திரும்பிவிடுகிறது. 'சிந்து பைரவி' (1985) சிந்து தன் குழந்தையை பைரவியிடம் கொடுத்துவிட்டு ஊரை விட்டுப் போகிறாள். மீறிய பெண்ணே ஏன் கடைசியில் விலை கொடுக்கிறாள் என்று என் மகள் கேட்கிறாள். நியாயமான கேள்வி. கணக்கைத் திறப்பார், டேலி ஆகாவிட்டால் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் போட்டுவிட்டு எழுந்துவிடுவார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஆனால் அந்தக் காலத்தில் மற்றவர்கள் அந்தக் கணக்கைத் திறக்கவே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இப்போது பக்கத்து வீட்டு அம்மாளின் 'மன பாலசந்தர்' விஷயம். 'அவள் ஒரு தொடர்கதை'யை 1976-ல் 'அந்துலேனி கதா' என்று தெலுங்கில் ஜெயப்ரதாவை வைத்து எடுத்தார். 1978-ல் 'மரோ சரித்ரா'. நேரடித் தெலுங்குப் படம், கறுப்பு வெள்ளை. விசாகப்பட்டினத்தில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பையன், பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பெண். பாஷை புரியாமல் ஆரம்பிக்கும் காதல். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஒரு வருஷம் பார்க்காமல் பேசாமல் இருந்து காட்டுங்கள் என்று நிபந்தனை போடுகிறார்கள். அதைத் தமிழில் டப் செய்யாமல் தெலுங்கிலேயே மெட்ராஸ் சஃபையர் தியேட்டரில் வருஷக் கணக்கில் ஓட்டினார்கள். 1981-ல் அதுவே இந்தியில் 'ஏக் துஜே கே லியே' ஆயிற்று.

வெளியூரில் குடித்தனம் செய்கிற நமக்கு அந்தப் படத்தில் காதலைவிட அந்த இரண்டு வீடுகள்தான் முக்கியம். நடுவில் ஒரு சுவர், இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் தெலுங்கு. நம் குழந்தைகள் சாயங்காலம் அந்தச் சுவரைத் தாண்டிப் போய்த் தெலுங்கில் சண்டை போட்டுவிட்டு வந்து தமிழில் சோறு கேட்கிறார்கள். அந்தச் சுவரின் உயரம் பாலசந்தருக்குத் தெரிந்திருந்தது.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். 'வறுமையின் நிறம் சிவப்பு' (1980) படத்தில் டில்லியில் வேலை தேடி அலையும் தமிழ் இளைஞன் வாயில் எப்போதும் பாரதி. அதையே 'ஆகலி ராஜ்யம்' (1981) என்று தெலுங்கில் எடுத்தபோது அவன் வாயில் ஸ்ரீஸ்ரீ. பாஷையை மட்டும் மாற்றவில்லை, பசித்தவனுக்கு அந்த ஊரில் எந்தக் கவிஞன் துணை என்று கேட்டு மாற்றினார். இங்கே ஆபீஸில் ஸ்ரீஸ்ரீ வரிகளைச் சொல்லும் சீனியர் ஒருவரிடம் பாரதி பற்றிச் சொல்ல நான் இந்தப் படத்தைத்தான் பாலமாக வைத்துக்கொண்டேன். 1988-ல் சிரஞ்சீவியை வைத்து எடுத்த 'ருத்ரவீணா' தேசிய ஒருமைப்பாட்டுக்கான நர்கிஸ் தத் விருது வாங்கியது. 'உன்னால் முடியும் தம்பி' என்று நாம் பார்த்தது அதன் தமிழ் வடிவம்.

இனி டிவி.

சைனிக்புரியிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறது இ.சி.ஐ.எல். 1967-ல் ஏ.எஸ். ராவ் தலைமையில் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனம். பக்கத்து காலனிக்கு அவர் பெயர்தான், ஏ.எஸ். ராவ் நகர். பழைய 'இ.சி. டிவி' உங்களில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? அது இவர்கள் தயாரிப்புதான். மாயவரத்தில் எங்கள் தெருவுக்கு முதலில் வந்த டிவியும் அதுதான். எதிர் வீட்டு ரிடையர்டு தலைமையாசிரியர் வீட்டில் இருந்தது. இந்த ஊருக்கு வந்த புதிதில் இ.சி.ஐ.எல். பஸ் ஸ்டாப் போர்டைப் பார்த்ததும், ஏதோ சொந்தக்காரர் வீட்டைக் கண்டுபிடித்தது போல இருந்தது.

அந்த வீட்டுத் தரையில் உட்கார்ந்துதான் 'ரயில் சிநேகம்' பார்த்தேன். 1990-91 வாக்கில் தூர்தர்ஷனில் வந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது. வாரத்துக்கு ஒரு நாள்தான். அன்றைக்குக் காற்றடித்து ஆன்டெனா திரும்பிவிட்டால் போச்சு, அடுத்த வாரம் வரை கதை தெரியாது. யாராவது ஒருத்தர் மாடியில் நின்று ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலும் நான்தான்.

அப்போது பாலசந்தருக்கு 60 வயது. என் ஆபீஸ் என்றால் ரிடையர்மென்ட் மாலை போட்டு அனுப்பிவிடும் வயது. 'சிந்து பைரவி', 'புன்னகை மன்னன்', 'புதுப்புது அர்த்தங்கள்' எல்லாம் எடுத்து முடித்த மனிதர். கவிதாலயா என்று சொந்த நிறுவனம் வேறு. 1992-ல் மணிரத்னத்தின் 'ரோஜா'வைத் தயாரித்ததும் அதுதான். பத்மஸ்ரீ 1987-லேயே வந்துவிட்டது. சினிமாவில் வேலை இல்லாதவர்கள் போகிற இடம் டிவி என்று பேசப்பட்ட காலத்தில் அவர் ஏன் அங்கே போனார்?

எனக்குத் தோன்றும் பதில் இது. அவருடைய ஜனங்கள் அங்கே போய்விட்டார்கள். சபாவில் நாடகம் பார்த்த அந்த மாதச் சம்பளக் குடும்பம் அறுபதுகளில் தியேட்டருக்குப் போனது, இவரும் போனார். எண்பதுகளின் கடைசியில் அதே குடும்பம் தியேட்டருக்குப் போவதைக் குறைத்துக்கொண்டு கூடத்தில் டிவி முன்னால் உட்கார்ந்தது. இவரும் கூடத்துக்கே வந்துவிட்டார். எந்த இடம் மதிப்பு, எந்த இடம் மதிப்புக் குறைவு என்று பார்க்கவில்லை.

தொழில் ரீதியாகவும் டிவி அவருக்குப் புதிதில்லை. 'நீர்க்குமிழி' படமே கிட்டத்தட்ட முழுக்க ஒரு ஆஸ்பத்திரிக்குள் நடப்பதுதான். ஒரு கூடம், நாலு பாத்திரங்கள், வாயில் வசனம், நடுவில் ஒரு பிரச்னை. மேடையில் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். டிவிக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

பிறகு 'கையளவு மனசு' வந்தது. தன் குழந்தைகளை வேறு வேறு வீடுகளுக்குக் கொடுத்துவிட வேண்டிய நிலையில் இருக்கும் ஒரு தாயின் கதை. எதிர் வீட்டில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து அழுதார்கள். 1993-ல் சன் டிவி வந்தபின் 'காதல் பகடை', 'பிரேமி'. ஜெயா டிவியில் 'அண்ணி'. அவருடைய மகன் கைலாசம் பொறுப்பில் மின்பிம்பங்கள் நிறுவனம் வளர்ந்தது. நாகா இயக்கிய 'மர்மதேசம்' அவர்கள் தயாரிப்புதான். 2003-ல் 'சஹானா' எடுத்தார். அது 'சிந்து பைரவி'யின் தொடர்ச்சி. பதினெட்டு வருஷம் முன்னால் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் போட்ட கணக்கை, டிவியில் வந்து மறுபடி திறந்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

2010-ஆம் வருஷத்துக்கான தாதாசாகேப் பால்கே விருது அவருக்குக் கிடைத்தது. 2014 ஆகஸ்டில் மகன் கைலாசம் இறந்தார். அந்த டிசம்பரில் இவரும் போய்விட்டார்.

இவ்வளவையும் ஒரு சனிக்கிழமை ராத்திரி மகளிடம் சொன்னேன். கடைசியில் என் தீர்ப்பையும் சொன்னேன்.

"பாத்தியா? அவர் வேலையை விட்டுட்டு வரல. வேலைல இருந்துக்கிட்டே பதினாலு வருஷம் எழுதினார். நீயும் சி.ஏ. படி. சாயங்காலம் உனக்குப் பிடிச்சதைப் பண்ணு. யார் வேண்டாங்கறா?"

அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் கேட்டாள். "நீங்களும் பேங்க் டேக்கு ஒரு டிராமா எழுதினேன்னு சொன்னீங்களேப்பா. அம்மா இன்னும் அந்த நோட்டை வச்சிருக்காங்க. நீங்களும் வேலைலதானே இருந்தீங்க. ஏன் நிறுத்திட்டீங்க?"

திருச்சியில் இருந்தபோது, 2004-ல், ஒரே ஒரு நாடகம். எல்லோரும் நன்றாக இருந்தது என்றார்கள். அப்புறம் பிரமோஷன், டிரான்ஸ்பர், மார்ச் கிளோசிங், அடுத்த மார்ச் கிளோசிங். யாரும் என்னை நிறுத்தச் சொல்லவில்லை. "நேரமில்லைம்மா" என்றேன். ஏ.ஜி. ஆபீஸ் குமாஸ்தாவுக்கு மட்டும் ஒரு நாளைக்கு முப்பது மணி நேரமா இருந்தது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்னிடம் பதில் இல்லை.

வேலையை விடாமல் எழுதினார் என்று பாதியை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன், வேலைக்காக எழுதாமல் இருக்கவில்லை என்ற மீதியை அவள் எடுத்துக்கொண்டாள். அவர் வாழ்க்கையில் இரண்டுமே இருக்கிறது.

இன்னும் முடிவாகவில்லை. டிகிரி முடிய ஒரு வருஷம் இருக்கிறது, அதற்குள் சொந்தமாக ஒரு குறும்படமாவது எடுத்துக் காட்டு, அப்புறம் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன். கதை எங்கள் தெருவில்தானாம். ஒரு தமிழ் வீடு, ஒரு தெலுங்கு வீடு. பக்கத்து வீட்டு அம்மாள் நடிக்க ஒப்புக்கொண்டுவிட்டார். வசனம் எழுத ஆள் இல்லையாம், "நீங்க எழுதறீங்களாப்பா?" என்று கேட்டிருக்கிறாள்.

அந்தப் பழைய நோட்டை வீட்டுக்காரம்மா எடுத்து மேஜை மேல் வைத்திருக்கிறாள். மார்ச் கிளோசிங்குக்கு இன்னும் நாள் இருக்கிறது. பார்ப்போம்.